அடுக்குக்குறியின் முன்னுரிமை: எழுத்துமுறையும் விதியும்

2 + 3 × 4² என்னும் எண்கோவையைச் சுருக்கும் மாணவர் முதலில் அடுக்கையும், அடுத்துப் பெருக்கலையும், இறுதியில் கூட்டலையும் செய்து 50 என்னும் விடையைப் பெறுகிறார். இவ்வரிசை கணிதத்தின் இயல்பிலேயே அமைந்த உண்மை என்பதுபோல் வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகிறது. அது எழுத்துமுறை மரபொன்றின் விளைவு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பிரெஞ்சுக் கணிதர் நிக்கோலா சுக்கே 1484இல் எழுதிய 'திரிபார்ட்டி' என்னும் நூலில் 12³ போன்ற குறியீடுகள் பயில்கின்றன. இன்றைய வாசகர் இதனை 1728 எனக் கொள்வார். சுக்கே கருதியது அதுவன்று. அறியா எண்ணை அ எனக் கொண்டால், அவர் குறித்தது 12அ³ ஆகும். அடுக்கு கெழுவின் தோளில் அமர்ந்திருந்தும், எழுதப்படாத மாறியையே சார்ந்தது. எனவே, அடுக்கு தன் இடப்புறத்து உறுப்பையே பற்றும் என்பது தானாக விளங்கும் செய்தியன்று.

1637இல் வெளிவந்த 'வடிவியல்' நூலில் ரெனே தெக்கார்த் மாறியை எழுத்தால் குறித்து, அடுக்கை அவ்வெழுத்தின்மேல் ஏற்றினார். வர்க்கத்தை மட்டும் அவர் பெரும்பாலும் அஅ என்றே எழுதினார். இச்சிறு வழக்கம் நம் கவனத்திற்குரியது. 3அஅ என்னும் கோவையில் 3 வர்க்கமாகிறது என எவரும் மயங்கார். 3அ² அதன் சுருக்கமே. ஆகவே, அடுக்கின் முன்னுரிமை சுருக்கக் குறியீட்டோடு உடன்வந்தது எனக் கொள்வது பொருந்தும். பல்லுறுப்புக்கோவைகளை அடைப்புக்குறியின்றி எழுதும் வசதியும் இதனாலேயே கிட்டியது. பெருக்கலை முதலில் செய்வதாயின் ஒவ்வோர் அடுக்கையும் அடைப்புக்குள் இடவேண்டியிருக்கும்.

பெருக்கலும் வகுத்தலும் ஒரே கோவையில் வருமிடத்து இத்தகைய தெளிவு இல்லை. கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய ஃபுளோரியன் கஜோரி, அவற்றுள் எதனை முதலில் செய்வது என்பதில் உடன்பாடில்லை என 1928இல் பதிவுசெய்துள்ளார். அடுக்கைப் பொறுத்தவரை அத்தகைய பூசல் எழவில்லை. குறையெண் குறி முன்னிற்கும் இடம் மட்டும் விதிவிலக்கு.

−3² என்பதன் மதிப்பு இயற்கணித மரபில் −9. பைத்தான் நிரல்மொழியும் அவ்வாறே தரும். எக்செல் விரிதாளோ 9 எனக் காட்டும். அங்கு முன்னிற்கும் குறையெண் குறி எண்ணின் பகுதியாகக் கொள்ளப்பட்டு அடுக்குக்கு முன்பே செயற்படுகிறது. அதே விரிதாளில் 0 − 3² என உள்ளிட்டால் கிடைப்பது −9.