சொல்லுக்கு விதி கேட்ட சபை

புதியதொரு பாஷையைத் தாமே சிருஷ்டிக்க விரும்புகிறவர் பெரும்பாலும் சொற்களைத் திரட்டுவதில்தான் முதலில் இறங்குகிறார். பெரிய காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கந்தபுராண அரங்கேற்றத்தைப்பற்றி வழங்கிவரும் ஐதிகமோ, சொல் கிடைத்த பிறகும் விதி கிடைக்காமல் ஒரு சபையே தயங்கி நின்ற விருத்தாந்தத்தைக் கூறுகிறது.

அக்கோயில் அர்ச்சகரான கச்சியப்ப சிவாசாரியார் காப்புச் செய்யுளை வாசிக்கத் தொடங்கியதுமே, 'திகழ்' என்பதும் 'தசம்' என்பதும் புணர்ந்து 'திகடசம்' ஆவதற்கு இலக்கணம் எங்கே என்று புலவர் ஒருவர் தடுத்தாராம். முதலடி எடுத்துக் கொடுத்தவன் முருகனே என்று சிவாசாரியார் சொல்லியும் சபை இணங்கவில்லை. மறுநாள் சோழநாட்டு வித்துவான் ஒருவர் வீரசோழியத்தை விரித்து, ழகரமும் தகரமும் கூடி டகரமாகத் திரியும் என்ற விதியைக் காட்டிய பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்பர். தெய்வ வாக்குக்கும் விதி கேட்ட அந்தப் புலவரை நான் குறை சொல்லமாட்டேன்.

வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், பௌத்தரான புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், வடமொழி இலக்கண நெறியைத் தமிழில் ஏற்றிப் பார்த்ததோடு நில்லாமல், வடவெழுத்து இடையே கலந்தால் விரவியல் என்றும், வடசொற்கள் கலந்து எதுகையின்றி நடப்பது மணிப்பிரவாளம் என்றும் வரையறுத்தது. காஞ்சித் தூப்புலில் 1268-இல் அவதரித்த வேதாந்த தேசிகர் 32 அதிகாரங்கள் கொண்ட ரஹஸ்யத்ரயஸாரத்தை எழுதியது இந்த மணிப்பிரவாள நடையில்தான். ஸம்ஸ்கிருதப் பதங்கள் தத்தம் ஒலி சிதையாமல் கிரந்த லிபியில் நிற்க, வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் தமிழாகவே வந்து அவற்றைப் பிணைக்கும். ஆகவே வாக்கியத்தின் போக்கை நிர்ணயிப்பது தமிழே. கேரள தேசத்து மணிப்பிரவாளத்தில் வடமொழி விபக்திகளும் கலந்து வந்தன. இரண்டும் கலவைதான், ஆயினும் கலக்கும் இடம் வேறு. பாஷை சமைப்பவன் முதலில் தீர்மானிக்க வேண்டியதும் அந்த இடத்தைத்தான்.

1887-இல் வார்ஸாவில் தாம் சமைத்த எஸ்பெராண்டோ பாஷையை வெளியிட்ட ஸாமன்ஹாப் 16 விதிகளைச் சொற்பட்டியலோடு சேர்த்தே கொடுத்தார். 2015-இல் பாகுபலி திரைப்படத்துக்காக மதன் கார்க்கி புனைந்த கிளிக்கியும் சொற்களோடு இலக்கணமும் உடையது. தேசிகரின் கிரந்தத்தையோ, வைஷ்ணவர்கள் இன்றும் தாமே வாசித்து முடித்துவிடுவதில்லை. ஆசாரியர் முன்னிலையில் அமர்ந்து, அவர் பதம் பிரித்து வியாக்கியானம் சொல்ல, காலக்ஷேபமாகக் கேட்கிறார்கள்.