ரொட்டித் தொழிலாளியின் இசைத்தட்டு

சோழர் கடற்படையும் பல்லவர் கற்றளிகளும் நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர்களில் பலமுறை பேசப்பட்டுவிட்டன. அவற்றின் பெருமை என்றும் குன்றாது. எனினும் இவ்வாண்டு நாம் வழக்கமான பாதையினின்று சற்றே விலகி, கடல் கடந்த நாடொன்றின் பாடகர் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவர் மன்னரும் அல்லர். மேடைகளை ஆண்டவரும் அல்லர். ரொட்டிச் சாலையில் உழைத்துக் குடும்பம் காத்தவர். இளமையில் ஒரே ஓர் இசைத்தட்டு வெளியிடும் பேறு பெற்றவர். பின்னர்ப் பிழைப்பு நாடி வேற்றூர் சென்று மோட்டார்த் தொழிற்சாலையில் சேர்ந்தவர். ஷிப்டுச் சங்கு ஊதுவதைக் கொண்டே உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் வகுத்துக்கொண்டுள்ள நம் காலனிக் குடும்பங்களுக்கு இவர் வரலாறு முற்றிலும் அயலார் வரலாறாகத் தோன்றாது என்றே நம்புகின்றோம்.

அவர் பெயர் ஜாக் எர்ல்ஸ். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் உள்ள டென்னசி மாநிலத்தின் உட்பரி என்னும் சிற்றூரில் 1932-ஆம் ஆண்டு பிறந்தவர். அமெரிக்க இசை வரலாற்று நூல்களில் இவரைத் தேடுவோர்க்குப் பெரும்பாலும் ஓரிரு வரிகளே கிட்டும். ஒரு தட்டு வெளியிட்டார், பின்பு காணாமற்போனார் என்பதே அவ்வரிகளின் சாரம். இதன் முற்பகுதியில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பிற்பகுதியை மட்டும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதன் பொருட்டே இக்கட்டுரை.

இளமையிலேயே அவர் மெம்பிஸ் நகருக்குப் பெயர்ந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த இந்நகர் அக்காலத்தில் பெரும் பருத்திச் சந்தை. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வெள்ளை உழவரும் கறுப்பு உழவரும் கூலி தேடி அங்குக் குவிந்தனர். சட்டமும் வழக்கமும் அவ்விரு சாராரையும் பள்ளியிலும் பேருந்திலும் உணவகத்திலும் பிரித்தே வைத்தன. ஆனால் வானொலிப் பெட்டிக்கு அந்தப் பிரிவினை தெரியாதன்றோ! கறுப்பு மக்களின் ‘புளூஸ்’ பாட்டு வெள்ளையர் வீட்டு அடுக்களையிலும் ஒலித்தது. வெள்ளை உழவரின் நாட்டுப்பாடல் கறுப்பர் குடிசைகளிலும் கேட்டது. இவ்விரண்டும் கலந்த கலப்பிலே 1954-ஐ ஒட்டி ஒரு புதிய பாட்டு முறை தோன்றியது. ‘ஹில்பில்லி’ என்பது பட்டிக்காட்டான் என்னும் பொருள்படத் தென்னக வெள்ளை ஏழைகளுக்கு நகரத்தார் இட்ட இகழ்ச்சிப் பெயர். அதனோடு ‘ராக் அண்டு ரோல்’ என்னும் பெயர் சேர்ந்து ‘ராக்கபில்லி’ என்றாயிற்று.

இம்முறையின் அமைப்பு மிக எளியது. பாடுவோர் ஒருவர், அவர் கையில் ஒரு கிதார். மின்விசையால் ஒலி பெருக்கிய மற்றொரு கிதார் இடையிடையே துள்ளி வரும். ஆள் உயரத்திற்கு நிமிர்ந்து நிற்கும் ‘பேஸ்’ என்னும் பெரிய நரம்பிசைக் கருவியின் நரம்புகளை இழுத்தும் அறைந்தும் தாளம் எழுப்புவர். தொடக்கத்தில் முரசு கூட இல்லை. நரம்பு அறையும் ஓசையே முரசாயிற்று.

இம்முறை பிறந்த இடம் மெம்பிஸ் நகரில் யூனியன் அவென்யூ 706-ஆம் எண்ணுள்ள ஒரு சிறு கட்டடம். சாம் பிலிப்ஸ் என்பார் 1950-இல் அங்கு ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். நான்கு டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கட்டணம் செலுத்தி எவரும் தம் குரலைத் தட்டில் பதிந்து வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். 1953-இல் அவ்வாறு வந்த இளைஞருள் ஒருவரே எல்விஸ் பிரெஸ்லி. பிலிப்சின் ‘சன்’ நிறுவனம் 1954 ஜூலையில் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்துப் பாட்டு ஆர்தர் குருடப் என்னும் கறுப்புப் பாடகர் முன்னரே எழுதிப் பதிந்தது. இதனை ஈண்டுக் குறிப்பிடக் காரணம் உண்டு. பிலிப்ஸ் தம் கூடத்தைத் தொடங்கியபோது கறுப்புக் கலைஞரையே பெரிதும் பதிந்து வந்தார். 1953-இல் சன் நிறுவனத்திற்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தவர் ரூபஸ் தாமஸ் என்னும் கறுப்பர். எல்விசின் வெற்றிக்குப் பின் அக்கூடத்தின் வாயில் வெள்ளை இளைஞர்க்கே அகலத் திறந்தது. தாமஸ் இக்குறையைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். மறக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதப் புகுங்கால், அவருக்கும் முன்னே மறக்கப்பட்டோரை விட்டுவிடுதல் முறையாகாது.

1955 நவம்பரில் எல்விசின் ஒப்பந்தத்தைப் பிலிப்ஸ் 35,000 டாலருக்கு ஆர்.சி.ஏ. என்னும் பெருநிறுவனத்திற்கு விற்றார். இவ்வளவு பெரும்புகழ் பெறவிருந்தவரைக் கைவிட்டாரே என்று இன்றும் அவரைக் குறை கூறுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. சிறு நிறுவனத்தின் இடர்ப்பாடு வேறு. தட்டு அடித்துத் தரும் ஆலைக்குப் பணத்தை உடனே கட்டவேண்டும். விற்பனையாளரிடமிருந்து பணம் வரப் பல மாதம் ஆகும். ஆகவே தட்டு மிகுதியாக விற்றாலுங்கூட முதலாளி கடனில் மூழ்கலாம்! கையில் ரொக்கம் வந்ததும் பிலிப்ஸ் கடனைத் தீர்த்துப் புதுக் குரல்களைத் தேடினார். தேடியபோது அகப்பட்டவருள் ஒருவரே நம் ஜாக் எர்ல்ஸ்.

எர்ல்சுக்கு அப்போது இருபதைச் சற்றே கடந்த வயது. மணமாகிக் குடும்பப் பொறுப்பேற்றவர். வேலை ரொட்டிச் சாலையில். வார இறுதியில் மெம்பிஸ் வட்டாரத்து விடுதிகளில் தோழர்களோடு சேர்ந்து பாடுவார். அக்குழுவிற்கு ‘ஜிம்போஸ்’ என்று பெயர். அதில் பேஸ் வாசித்த ஜானி பிளாக், எல்விசுக்குப் பேஸ் வாசித்த பில் பிளாக்கின் தம்பி. எர்ல்ஸ் பாடியதோடு நிற்கவில்லை. பாட்டும் அவரே எழுதினார். இசைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். அவர் குரலில் மெருகு குறைவு, வேகம் மிகுதி. மூக்கொலி கலந்து உச்சத்தில் நின்று, சில இடங்களில் கட்டு மீறி ஓடும் குரல் அது. மெருகு விரும்புவோர்க்கு அது பிடிக்காது. நமக்கோ அந்தக் கட்டின்மையே இனிக்கிறது.

1956-இல் அவருடைய தட்டு வெளியாயிற்று. ஒரு பக்கம் ‘எ பூல் பார் லவிங் யூ’ என்னும் மெல்லிய நாட்டுப்பாடல். மறுபக்கம் ‘ஸ்லோ டவுன்’ என்னும் விரைவுப் பாட்டு. பெயர் ‘மெதுவாகப் போ’ என்று பொருள்படும். பாட்டோ சிறிதும் மெதுவாகப் போவதில்லை. இதைக் கேட்போர், குரலைச் சுற்றி ஒரு நிழற்குரல் ஒலிப்பதைக் கவனிக்கலாம். அது பிலிப்சின் கைவேலை. ஒலிநாடாப் பொறிகள் இரண்டை அவர் ஒருங்கே இயக்குவார். முதற்பொறிக்குச் செல்லும் ஒலி இரண்டாவதற்கும் செல்லும். அங்கே ஒலியைப் பதிக்கும் முனைக்கும் அதைத் திருப்பி ஒலிக்கச் செய்யும் முனைக்கும் இடையே சிறு தொலைவு உண்டு. நாடா அத்தொலைவைக் கடக்க ஒரு நொடியில் சிறு பகுதி செல்லும். அவ்வாறு காலந்தாழ்ந்து வரும் ஒலியை மூல ஒலியோடு கலந்துவிடுவார். கிணற்றின்மேல் குனிந்து கூவினால் நம் குரல் நம்மிடமே திரும்புவது போல், மூன்றே கருவிகள் கொண்ட இசை பெருங்கூட்டத்தின் இசைபோல் நிறைந்து நிற்கும்.

அத்தட்டின் வரிசை எண் 240. இந்த எண்ணைச் சற்று உற்று நோக்குவோம். அதற்கு முந்திய 239 வாரன் ஸ்மித் என்பாருடைய முதல் தட்டு. அடுத்த 241 ஜானி கேஷின் ‘ஐ வாக் தி லைன்’. நாட்டுப்பாடல் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்று இன்றளவும் ஒலிப்பது. அதற்கடுத்த 242 ராய் ஆர்பிசன் சன் நிறுவனத்தில் வெளியிட்ட முதல் தட்டு. ஒரே வீதியில் அடுத்தடுத்துள்ள வீடுகளைப் போல அமைந்தவை இவை. கேஷும் ஆர்பிசனும் உலகப் புகழ் எய்தினர். 240-ஆம் எண்ணுக்குரியவர் மறுபடியும் ரொட்டிச் சாலைக்கே சென்றார்.

ஏன்? குரல் போதாமையாலா? அவ்வாறாயின் பிலிப்ஸ் அவரை மீண்டும் மீண்டும் அழைத்துப் பாட்டுகளைப் பதிந்திருக்க மாட்டார். காரணம் வேறு. அக்காலத்தில் தட்டு மட்டும் வெளியிட்டால் போதாது. பாடகர் ஊர் ஊராகச் செல்லவேண்டும். பேஸ் கருவியை மோட்டார் வண்டியின் கூரைமேல் கட்டிக்கொண்டு, மிசிசிப்பி என்றும் ஆர்கன்சா என்றும் டெக்சாஸ் என்றும் இரவோடிரவாக ஓடவேண்டும். வானொலி நிலையங்களுக்குப் போய் அறிவிப்பாளர்களைக் காணவேண்டும். இதற்கெல்லாம் வேலையைத் துறந்தாக வேண்டும். எர்ல்ஸ் துறக்கவில்லை. வீட்டில் மனைவி மக்கள் இருந்தனர். வாரந்தோறும் கூலி வந்தது. தட்டினால் வரும் வருவாயோ, வரும் என்று எண்ணியிருக்கத்தக்கதேயன்றி எண்ணிப் பார்க்கத்தக்கதன்று.

இங்கே கார்ல் பெர்க்கின்ஸ் என்பாரின் நினைவு வருகிறது. அவரும் டென்னசிக்காரர், குத்தகை உழவர் மகன். வியப்பு யாதெனில், அவரும் ஜாக்சன் நகரத்து ரொட்டிச் சாலை ஒன்றில் தட்டுகளுக்கு நெய் தடவும் வேலை பார்த்தவர்! அவர் வேலையை விட்டுப் பாட்டில் இறங்கினார். 1956 ஜனவரியில் வெளியான ‘புளூ சுவேட் ஷூஸ்’ பத்து லட்சம் தட்டுகள் விற்றது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தொலைக்காட்சியில் பாட நியூயார்க் செல்லும் வழியில் அவர் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. அவர் பலத்த காயமுற்றார். அண்ணன் ஜேயும் கடுங்காயம் அடைந்தார். கார்ல் காயம் ஆறிவந்த நாட்களில் அதே பாட்டை எல்விஸ் தொலைக்காட்சியில் பாடினார். ஒரே தொழிலிலிருந்து வந்த இருவருள் ஒருவர் துறந்தார், ஒருவர் துறக்கவில்லை. எவர் செய்தது சரி என்று தீர்ப்பளிக்க நம்மிடம் தராசு இல்லை. ஆனால் எர்ல்ஸ் தோற்றார் என்று எழுதுவோர், அவர் முன் இருந்த வழி எத்தகையது என்பதையும் உடன் எழுதவேண்டும் என்பதே நம் வழக்கு.

முதலாளியையும் முற்றும் குறை கூறுவதற்கில்லை. பெர்க்கின்சும் கேஷும் விற்றுக்கொண்டிருக்க, 1956-இன் இறுதியில் ஜெரி லீ லூயிசும் வந்து சேர்ந்தார். ஊரை விட்டு வெளியே வரமாட்டாத பாடகர்க்கு இரண்டாம் தட்டு அடிக்க எந்தச் சிறு நிறுவனம் துணியும்? எர்ல்ஸ் பாடிய ‘ஹே ஜிம்’, ‘லெட்ஸ் பாப்’, ‘கிராடாட் ஹோல்’, ‘சைன் ஆன் தி டாட்டட் லைன்’ முதலிய பாட்டுகளின் நாடாக்கள் பெட்டிக்குள் அடங்கின. பாட்டு முறையும் நெடுநாள் நிற்கவில்லை. 1958-இல் எல்விஸ் படையில் சேர்ந்தார். 1960-க்குள் ராக்கபில்லியின் அலை ஓய்ந்துவிட்டது.

1963-இல் எர்ல்ஸ் குடும்பத்தோடு வடக்கே டிட்ராய்ட் நகருக்குப் பெயர்ந்து கிரைஸ்லர் மோட்டார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் தனியே செல்லவில்லை. தென்னகத்து ஏழைகள் இலட்சக்கணக்கில் அவ்வழியே சென்றவர்கள். அவர்கள் சென்ற சாலைகளுக்கு ‘ஹில்பில்லி நெடுஞ்சாலை’ என்றே பெயர் வழங்கியது. வடக்கே அவர்களுடைய பேச்சையும் உணவையும் உள்ளூரார் எள்ளினர். அவர்களோ தங்களுக்கெனக் குடியிருப்பும் கோயிலும் பாட்டு விடுதியும் அமைத்துக்கொண்டனர். எர்ல்ஸ் சென்ற அதே 1963-இல் பாபி பேர் என்பார் பாடிய ‘டிட்ராய்ட் சிட்டி’ என்னும் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. பகலில் மோட்டார் செய்து இரவில் ஊரை நினைத்து ஏங்கும் ஒரு தென்னகத்தான், தான் நலமாக வாழ்வதாக வீட்டாரை நம்பவைத்திருப்பதைச் சொல்லும் பாட்டு அது. இதற்கு நம் காலனியில் விளக்கம் வேண்டுவோர் எவருமிலர்.

மெம்பிசில் இருந்த நாடாப் பெட்டிகள் என்னவாயின? 1969-இல் பிலிப்ஸ் சன் நிறுவனத்தை ஷெல்பி சிங்கிள்டன் என்பாருக்கு விற்றார். 1970-களில் இங்கிலாந்தில் பழைய ராக்கபில்லிப் பாட்டுகளுக்குப் பித்துக்கொண்ட இளைஞர் கூட்டம் ஒன்று தோன்றியது. மார்ட்டின் ஹாக்கின்ஸ், காலின் எஸ்காட் ஆகிய இரு ஆய்வாளர்கள் சன் நிறுவனத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தனர்; அவர்களுடைய நூல் 1975-இல் வந்தது. வெளியிடப்படாத நாடாக்கள் ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டன. இங்கிலாந்தில் சார்லி நிறுவனமும், பின்னர் ஜெர்மனியில் பேர் பேமிலி நிறுவனமும் எர்ல்சின் பாட்டுகளை வெளியிட்டன. இருபது ஆண்டு பெட்டிக்குள் கிடந்த குரலைக் கேட்க, அவர் கண்டிராத நாட்டு இளைஞர்கள் பணம் கொடுத்தனர். ஒரு தட்டுக்காரர் என்று எழுதப்பட்டவர்க்கு ஒரு தொகுப்பு நிறையப் பாட்டு இருந்தது அப்போதுதான் உலகிற்குத் தெரிந்தது. பாடகர் காணாமற்போனார் என்பது இதனால்தான் பொருந்தாது என்கின்றோம். அவர் டிட்ராய்ட்டில் இருந்தார், பாட்டு பெட்டியில் இருந்தது, தேடுவோர்தாம் இல்லை. முதுமையில் அவர் மீண்டும் மேடையேறி அவ்விசிறிகளுக்குப் பாடவும் செய்தார்.

இப்பாட்டைக் கேட்க விரும்பும் அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘ஸ்லோ டவுன்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் வேறொரு பாட்டு. அது 1958-இல் லாரி வில்லியம்ஸ் எழுதிப் பாடியது. 1964-இல் பீட்டில்ஸ் குழுவினரும் பாடி அதனைப் பரப்பினர். பெயர் ஒன்றாயினும் அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஜாக் எர்ல்ஸ் என்னும் பெயரையும், சன் 240 என்னும் எண்ணையும் பார்த்துக் கேட்க.