நாளைக்குத் தாங்காத பண்டம்

தொழிற்சாலைகளில் இடையறாது ஓடும் உற்பத்தி வரிசைக்கு நேரக்கிரமம் வகுத்துக் கொடுக்கும் மென்பொருளின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள், பெரும்பாலும் டெட்ராய்ட் நகரத்து மோட்டார் ஆலைகளிலிருந்தே கதையைத் தொடங்குவது வழக்கம். அதைப் பிழையென்று தள்ளிவிடுவதற்கில்லை. 1913-ஆம் ஆண்டில் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஹென்றி ஃபோர்டின் ஆட்கள், வண்டிச் சட்டத்தை நிறுத்திவைத்து அதைச் சுற்றித் தொழிலாளிகள் நடமாடிய பழைய முறையை விட்டு, தொழிலாளிகளை நிற்கவைத்து வண்டிச் சட்டத்தை நகரவிட்டதன் பயனாக, 12½ மணி நேரம் பிடித்த வேலை அடுத்த ஆண்டுக்குள் 1 மணி 33 நிமிஷத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால், அந்த ஆலைக்கு அட்டவணை என்ற ஒன்று அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். செய்வது ஒரே மாதிரி வண்டி. இன்று விலைபோகாதது நாளை விலைபோகும். எத்தனை நாள் நின்றாலும் மோட்டார் வண்டி ஊசிப்போவதில்லை. எந்தப் பண்டத்தை, எவ்வளவு, எந்த வேளைக்குள் என்ற மூன்று கேள்விகளும் ஒருசேரத் தலைக்குமேல் தொங்குவது, பொழுது விடிந்தால் வீணாகிவிடும் சரக்கைச் செய்கிறவனுக்குத்தான். ஆகையால் இந்தச் சரித்திரத்தை லண்டன் நகரத்துக் கேக் வியாபாரி ஒருவரிடமிருந்து தொடங்குவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி என்ற அந்த ஸ்தாபனம் 1887-இல் தோன்றியது. 1894-இல் பிக்காடிலி வீதியில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. வெள்ளையும் பொன்னிறமுமான முகப்போடு அத்தகைய கடைகள் நாளடைவில் நகரமெங்கும் பரவின. அவற்றுக்கு வேண்டிய ரொட்டி, கேக், பணியாரம் யாவும் ஹாமர்ஸ்மித் பகுதியிலிருந்த கேட்பி ஹால் என்ற பெரிய ஆலையில் தயாராகி, அதிகாலையில் வண்டியேறிச் சென்றன. ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு பன்னிலும் கிடைக்கும் லாபம் ஒரு பென்னியின் சிறு பின்னமே. அந்தப் பின்னத்தை விற்பனைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்க்கும் குமாஸ்தாக்களின் சம்பளம் தின்றுவிடாமல் காப்பாற்றுவது எப்படி என்ற கவலை நிர்வாகத்தை விடாமல் பீடித்திருந்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று 1923-இல் அங்கே உத்தியோகத்தில் அமர்ந்த ஜான் சிம்மன்ஸ் என்பவர், அந்தக் கவலையையே ஒரு சாஸ்திரமாக வளர்த்தார். காகிதம் எங்கே பிறந்து எந்தெந்த மேஜை வழியாக எங்கே போய் மடிகிறது என்று ஆராய்வதற்கென்றே தனி அலுவலகம் அங்கு நடந்தது.

1947-இல் ஸ்டாண்டிங்ஃபோர்ட், தாம்ப்ஸன் என்ற இரு அதிகாரிகள், அமெரிக்க அலுவலகங்களில் புதிய யந்திரங்கள் என்னென்ன வந்திருக்கின்றன என்று பார்த்து வருவதற்காகக் கடல் கடந்து போனார்கள். பீரங்கிக் குண்டின் பாதையைக் கணிப்பதற்காகக் கட்டப்பட்ட மின்னணு யந்திரங்களைப் பற்றி அங்கே கேள்விப்பட்டவுடன், கேக் கணக்கையும் அவற்றால் போட முடியும் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. இப்படித் தோன்றியதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில் அந்த யந்திரங்களைக் கட்டிய பண்டிதர்களுள் பலருக்கு அப்படித் தோன்றியிருக்கவில்லை. பிரின்ஸ்டனில் அவர்கள் சந்தித்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், உங்கள் ஊர்க் கேம்பிரிட்ஜிலேயே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் இப்படியொரு யந்திரம் செய்துகொண்டிருக்கிறாரே என்று திருப்பியனுப்பினார். லயன்ஸ் கம்பெனி வில்க்ஸுக்கு 3000 பவுனும் ஒரு தொழில் உதவியாளரையும் கொடுத்தது. எட்ஸாக் என்ற அந்த யந்திரம் 1949 மே 6 அன்று முதல் கணக்கைப் போட்டு முடித்தபின், அதைப் பின்பற்றி லயன்ஸ் கம்பெனி தனக்கென்று ஒன்றைத் தானே கட்டிக்கொண்டது. அதுவே லியோ, உலகில் வியாபாரக் கணக்கைத் தினசரி வேலையாக ஏற்று நடத்திய முதல் கம்ப்யூட்டர்.

லியோவில் ஏறத்தாழ 6000 வால்வுகள் இருந்தன. எண்களைப் பாதரசம் நிரம்பிய நீண்ட குழாய்களின் ஒரு முனையில் ஒலித்துடிப்பாகச் செலுத்தி, மறுமுனையில் பிடித்து, மீண்டும் முதலிலிருந்து ஓடவிடுவதே அதன் ஞாபகசக்தி. 64 குழாய்களில் 2048 எண்கள் இவ்வாறு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. யந்திரத்தோடு ஓர் ஒலிபெருக்கியையும் இணைத்திருந்தார்கள். கணக்கு ஓடும்போது அதிலிருந்து எழும் ஓசையைக் கேட்டே, எந்த வேலை நடக்கிறது, அது ஒழுங்காக நடக்கிறதா, எங்கேனும் சிக்கிக்கொண்டு சுற்றுகிறதா என்று பழகிய காதுகள் சொல்லிவிடுமாம். 1951 நவம்பரில் அது பேக்கரிச் சரக்கின் வாராந்தர மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டது. பிற்பாடு ஃபோர்டு கம்பெனியின் டாகன்ஹாம் ஆலைச் சம்பளப் பட்டியலும் கேக் வியாபாரியின் யந்திரத்திலேயே போடப்பட்டது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

ஆயினும் சம்பளமும் மதிப்பீடும் நடந்து முடிந்ததைப் பற்றிய கணக்குகள். நடக்கப்போவதைப் பற்றிய கணக்கு 1954 அக்டோபரில்தான் தொடங்கியது. டேவிட் கேமினர் என்பவரும் அவருடைய சகாக்களும் வகுத்த அந்த ஏற்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. ஒவ்வொரு தேநீர்க் கடைக்கும், வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும், இன்ன பண்டம் இத்தனை என்று ஒரு நிலையான ஆர்டர் முன்கூட்டியே அட்டைகளில் துளையிடப்பட்டுத் தயாராக இருக்கும். கடையை நடத்தும் பெண்மணி தினமும் முழுப் பட்டியலை ஒப்பிக்க வேண்டியதில்லை. மறுநாளைக்கு எதில் கூட வேண்டும், எதில் குறைய வேண்டும் என்பதை மாத்திரம் குறித்த வேளையில் தொலைபேசியில் சொன்னால் போதும். மழை வரும் போலிருந்தால் சூடான பண்டத்தில் இரண்டு டஜன் கூட்டுவாள். வெயில் அடித்தால் குறைப்பாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் பெண், சொல்லச் சொல்லவே, இடையில் காகிதத்தில் எழுதாமல், நேரே அட்டையில் துளையிட்டுவிடுவாள். நிலையான ஆர்டரையும் அன்றைய மாறுதலையும் லியோ ஒன்றாகப் பிணைத்து, எந்தக் கடைக்கு எந்தப் பெட்டியில் என்னென்ன அடுக்க வேண்டும் என்ற பட்டியலையும், எல்லாக் கடைகளுக்குமாகச் சேர்த்து எதை எவ்வளவு செய்ய வேண்டும் என்ற கூட்டுத்தொகையையும் அச்சிட்டுத் தள்ளும்.

எல்லாவற்றையும் கேட்காதே, மாறியதை மட்டும் கேள் என்ற அந்த ஒரு யுக்தி, 6000 வால்வுகளைக் காட்டிலும் பெரிய கண்டுபிடிப்பு என்றே நான் கருதுகிறேன். கடைக்கார அம்மாளின் அனுபவத்தை அது அவமதிக்கவில்லை. நேற்றைய பழக்கம் யந்திரத்தின் பொறுப்பு, இன்றைய வானிலை அவள் பொறுப்பு என்று வேலையைப் பகிர்ந்தளித்தது. நம் வீட்டில் இட்லிக்கு அரிசி ஊறப்போடுகிறவள், வழக்கமான படியோடு, ஊரிலிருந்து யாரேனும் வருகிறார்களா என்பதை மாத்திரம் விசாரித்துக்கொள்வதும் இதே நியாயந்தான்.

எவ்வளவு செய்வது என்பது ஒரு கேள்வி. எதை முதலில் செய்வது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு அதுகாறும் இருந்த சாதனம், முதல் உலக யுத்த காலத்தில் ஹென்றி கான்ட் என்பவரால் அமெரிக்காவில் பிரசித்தி பெற்ற பட்டை வரைபடம். கிடையாகக் காலத்தையும் கீழ்நோக்கி யந்திரங்களையும் குறித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை இழுப்பார்கள். வரைபடம் நிலைமையைக் காட்டும்; நல்ல வரிசை எது என்று சொல்லாது. அதைச் சொல்லும் விதியொன்றை, தேநீர்க் கடை ஏற்பாடு தொடங்கிய அதே 1954-இல், செல்மர் ஜான்சன் என்ற கணித நிபுணர் வெளியிட்டார். எல்லா வேலைகளும் முதலில் ஒரு யந்திரத்திலும் பிறகு மற்றொன்றிலும் செல்ல வேண்டியிருந்தால், இருக்கும் நேரங்களுள் மிகச் சிறியதைத் தேடு. அது முதல் யந்திரத்துக்குரியதானால் அந்த வேலையை முன்னால் வை, இரண்டாவதற்குரியதானால் கடைசியில் வை. மிச்சத்துக்கும் அப்படியே செய். அச்சுக்கூடத்தில் ஒரு புஸ்தகம் அச்சாக 2 மணியும் பைண்டுக்கு 6 மணியும், மற்றொன்று அச்சாக 5 மணியும் பைண்டுக்கு 1 மணியும் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதை முன்னால் விட்டால் இரண்டும் 9 மணியில் முடியும். மாற்றி விட்டால் 13 மணி. யாதொரு செலவுமின்றி, வரிசையை மாற்றியதால் மாத்திரம் கிடைத்த லாபம் 4 மணி.

இரண்டு யந்திரங்களுக்கு இவ்வளவு சுலபமாயிருப்பது மூன்றாவது யந்திரம் வந்தவுடன் கைமீறிப் போகிறது. பத்தே வேலைகளை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். மூன்று யந்திர வரிசைக்குப் பொதுவானதோர் அதிவிரைவு விதியைக் கண்டுபிடித்துவிட்டால், கணிதத்தில் தீராமல் கிடக்கும் மற்றும் பல பெரும் புதிர்களும் அதனாலேயே தீர்ந்துவிடும் என்று 1976-இல் நிரூபித்தார்கள். அதாவது, அப்படியொரு விதி அகப்படும் என்று யாரும் நம்பவில்லை. இன்றைய மென்பொருள்களும் ஆகச் சிறந்த வரிசையைக் கண்டுபிடிப்பதாகச் சத்தியம் செய்வதில்லை. போதுமான அளவு நல்லதைப் போதுமான விரைவில் கொடுக்கின்றன.

இதற்கிடையே அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி, டிராக்டர் செய்யும் ஜே. ஐ. கேஸ் கம்பெனியில், 1960-களின் தொடக்கத்தில் வேறொரு வழியைப் பிடித்திருந்தார். எத்தனை டிராக்டர் வேண்டும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை சக்கரம் வேண்டும் என்பதை ஊகிப்பானேன், பெருக்கிக் கொள்ளலாமே என்றார். இந்தப் பெருக்கலைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கும் முறை அவருடைய 1975-ஆம் வருஷத்து நூலால் உலகெங்கும் பரவியது. அதில் ஒரு குறை இருந்தது: யந்திரங்களின் சக்திக்கு எல்லையில்லை என்று அது அனுமானித்துக்கொண்டது. ஜப்பானில் டொயோட்டாவின் தைச்சி ஓனோவோ, கணிப்பையே ஒதுக்கிவிட்டார். பின்னால் இருக்கிறவன் எடுத்துக்கொண்டதை முன்னால் இருக்கிறவன் செய்து நிரப்பட்டும் என்று ஓர் அட்டையைத் திருப்பியனுப்பும் ஏற்பாடு செய்தார். இந்த இரண்டு மதங்களுக்குமிடையே நடந்த வாதப் பிரதிவாதங்களை ஏடுகள் விஸ்தாரமாகச் சொல்லும். அவற்றுள் நான் புகவில்லை.

எல்லை என்ற விஷயத்தை மையத்தில் நிறுத்தியவர் எலியாகு கோல்ட்ராட் என்ற இஸ்ரேல் நாட்டுப் பௌதிக சாஸ்திரி. கோழிக்கூண்டு செய்து விற்கும் ஒருவருக்கு உதவப் போனதிலிருந்து பிறந்த அவருடைய மென்பொருள், வரிசையில் மிக மந்தமான யந்திரத்துக்கு முதலில் அட்டவணை போட்டு, மற்றவை அனைத்தையும் அதன் வேகத்துக்குக் கட்டிப்போடும். மந்த யந்திரம் இழந்த ஒரு மணி ஆலை முழுவதும் இழந்த ஒரு மணி என்பது அவர் வாதம். மென்பொருளை வாங்கியவர்களோ, தொழிலாளி சும்மா நிற்பதைக் காணப் பொறுக்காமல், மற்ற யந்திரங்களையும் ஓயாமல் ஓட்டி, வழியெங்கும் அரைகுறைச் சரக்கைக் குவித்தார்கள். அட்டவணையை விற்றால் போதாது, அதன் நியாயத்தையும் விளக்க வேண்டும் என்று கண்டுகொண்ட கோல்ட்ராட், 1984-இல் அதை ஒரு நாவலாகவே எழுதி வெளியிட்டார்.

லியோ யந்திரம் 1965-இல் நிறுத்தப்பட்டது. தேநீர்க் கடைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. ஆனால் பிஸ்கோத்து ஆலைகளிலும் பால் பண்ணைகளிலும் இன்று ஓடும் மென்பொருள்களைப் பார்த்தால் பழைய வழக்கங்கள் பல அப்படியே இருக்கின்றன. வெளிர் நிற மாவு முதலில், சாக்லெட் அடுத்து, கொட்டைப் பருப்பு சேர்ந்தது கடைசியில், அதன்பின் வரிசை முழுவதும் கழுவல் என்ற கிரமத்தைத் திட்டமிடுகிறவர் ஒருமுறை சொல்லிவைத்துவிட்டால், மாறுதல்களை மாத்திரம் நாள்தோறும் சேர்த்துக்கொண்டு திரையில் பட்டை வரைபடம் தானே விரிகிறது. மறுநாள் அதிகாலைக்குரிய பகுதி மட்டும், மாவு பிசையத் தொடங்கிவிட்டபின் யாரும் கைவைக்காதபடி பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டைத் திறக்கும் அதிகாரம் ஆலை மேலாளர் கையில் இருக்கிறது. விற்பனைப் பிரிவினர் அதற்காக அவர் அறை வாசலில் வந்து நிற்காத மாலைப்பொழுது மிகக் குறைவு.