அணுகுண்டும் வெங்காயமும்

1998 மே மாதம் ராஜஸ்தானில் உள்ள பொக்ரானில் இந்தியா ஐந்து அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. ஏன்? 1962-ல் படையெடுத்த நாடு இன்று அணு ஆயுதத்தோடு எல்லையில் நிற்கிறது என்று அமெரிக்க அதிபர் கிளிண்டனுக்குப் பிரதமர் வாஜ்பாய் கடிதம் எழுதினார். பெயர் சொல்லாவிட்டாலும் அது சீனா தான். மே 28-ல் பாகிஸ்தானும் குண்டு வெடித்தது.

அரசுக்கு இருந்த இந்தக் கவலை வாக்காளர்களுக்கு இருந்ததா? அதே நவம்பரில் டெல்லியிலும், பொக்ரான் இருக்கும் ராஜஸ்தானிலுமே பா.ஜ.க. தோற்றது. வெங்காய விலை அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம்ம தாம்பரத்தைப் பாருங்கள். விமானப்படைத் தளம் உள்ள ஊர், கல்பாக்கமும் அதிக தூரமில்லை. போர் வந்தால் முதலில் பயப்பட வேண்டிய பகுதி. அப்போது தாம்பரம் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் இருந்தது. 1998 தொடக்கத்தில் அங்கே பா.ஜ.க., அ.தி.மு.க. கூட்டணியை எதிர்த்து தி.மு.க.வின் டி.ஆர்.பாலு ஜெயித்தார். 1999-ல் பா.ஜ.க.வோடு கூட்டணி வைத்தும் அவரே ஜெயித்தார். இடையில் இரண்டு நாடுகள் குண்டு வெடித்தன, கார்கில் போரும் நடந்தது. ஆனால் எம்.பி. மாறவில்லை, கூட்டணி தான் மாறியது.

மக்களைக் காப்பாற்றத்தான் குண்டு என்றது அரசு. அந்த மக்கள் ஓட்டுப் போட்டதோ வேறு கணக்கில்.