திசு சொல்லும் செய்தி

அறுவை முடிந்தபின் நோயாளியின் உறவினர் கேட்கும் முதல் வினா, “நோய் திரும்பி வருமா?” என்பதே. பெருங்குடற் புற்றுநோயில் இதற்கு விடை தேடிய வரலாற்றை நாம் அறிதல் நன்று.

இலண்டன் செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோய்க்குறியியல் அறிஞர் கத்பர்ட் டியூக்ஸ், அறுத்தெடுத்த மலக்குடல்களை ஆராய்ந்து, 1932ஆம் ஆண்டில் நோயை மூன்று படிகளாக வகுத்தார். குடற்சுவருக்குள் அடங்கியது முதற்படி. சுவரைக் கடந்தது இரண்டாம் படி. நிணநீர்க் கணுக்களை எட்டியது மூன்றாம் படி. படி ஏற ஏறப் பிழைப்போர் தொகை குறைந்தது.

ஆயினும், ஒரே படியில் இருந்த இருவருள் ஒருவர் நலம் பெற, மற்றவரை நோய் மீண்டும் பற்றியதேன்? பகை எவ்வளவு தொலைவு நுழைந்தது என்பதை டியூக்சின் வகுப்பு காட்டிற்று. எதிர்த்து நின்ற காவலரின் வலிமையை அது காட்டவில்லை. பிரான்சு நாட்டின் ஜெரோம் காலோன் குழுவினர் அதனை அளந்து 2006இல் வெளியிட்டனர். கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் ‘டி’ எனும் நோயெதிர்ப்பு அணுக்கள் செறிந்திருந்தோர்க்கு நோய் திரும்புதல் குறைவாயிருந்தது. 2018இல் 13 நாடுகளின் நோயாளிகளிடம் நடந்த ஆய்வும் இதனை உறுதிப்படுத்தியது.

இவை ஆயுளைக் கணிக்கும் சோதிடம் அல்ல. யாருக்கு மேற்சிகிச்சை தேவை என்பதற்கு வழிகாட்டிகள். மலத்தில் குருதி கண்டும் நாணத்தால் மறைப்போர் நம்மிடையே உண்டு. முதற்படி நெடுநாள் காத்திராது என்பதை அவர்க்கு நாம் எடுத்துரைப்போமாக.