ஒரு கிடாவுக்கு எத்தனை மார்க்?

ஆபீசில் ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்து நாளாச்சு. நடுவில் வேலையாக மியூனிக் போய்விட்டு, பழைய வேட்டியில் சுற்றி இரண்டு பாட்டில் 'பாக்' பியர் கொண்டுவந்தேன். புனே வீட்டுக்குள் நுழைந்தால், உடன்குடியிலிருந்து அப்பா வந்திருக்கிறார்! காலேஜ் படிக்கும்போது என் சட்டையில் பியர் வாடை அடித்ததற்காக மூன்று மாதம் பேசாமல் இருந்தவர். பெட்டியைத் திறக்காமலே பரணில் ஏற்றினேன்.

பாக் ஸ்ட்ராங் பியர்தான். ஆனால் நம் ஊர்க் கடையில் "ஸ்ட்ராங்கா மைல்டா?" என்று கேட்பார்களே, அந்த ஸ்ட்ராங் வேறு. இங்கே 8 சதவீதத்துக்குள் எவ்வளவு ஏறும் என்பதுதான் கணக்கு. அதற்கு அரிசியோ சர்க்கரையோ சேர்ப்பதும் வழக்கம். பாக்கில் கனம் முழுக்க முளைகட்டி வறுத்த பார்லியிலிருந்தே வரவேண்டும். காய்ச்சிய சாறு 100 கிராம் என்றால், அதில் பார்லியின் சத்து 16 கிராமாவது இருந்தால்தான் ஜெர்மனியில் பாக் என்று பெயர் வைக்கலாம். சாதாரண பியரில் 11, 12 இருக்கும்.

இது பிறந்தது வடக்கு ஜெர்மனியின் ஐன்பெக் நகரில். அந்த ஊர் பியர் விற்ற ரசீது 1378-லேயே இருக்கிறது. வீட்டுக்கு வீடு காய்ச்சினார்கள், ஆனால் கொப்பரை ஊருக்குப் பொது. முறை வந்தவர் வீட்டுக்கு அது போகும். கொப்பரை நுழைவதற்காகவே உயரமாகக் கட்டிய வளைவு வாசல்களை அங்கே இன்றும் பார்க்கலாம். (நம் ஊரில் கல்யாணத்துக்கு அண்டா கடன் வாங்குவது ஞாபகம் வருகிறதா?) மாட்டு வண்டியிலும் படகிலும் வாரக்கணக்கில் போகும் சரக்கு கெடக்கூடாது, அதனால்தான் கனமாகக் காய்ச்சினார்கள். போதை ஏற்ற அல்ல.

பவேரிய மன்னர் குடும்பம் இந்தப் பியரை விலை கொடுத்து வாங்கி வாங்கிச் சலித்தது. மியூனிக்கில் 1589-ல் சொந்தமாக ஒரு பியர் ஆலை தொடங்கினார்கள். 1614-ல் ஐன்பெக்கிலிருந்து எலியாஸ் பிஷ்லர் என்ற காய்ச்சுபவரையே வரவழைத்துவிட்டார்கள். பவேரியர்கள் வாயில் ஐன்பெக், 'ஐன்பாக்' ஆனது. ஐன் பாக் என்றால் அவர்கள் மொழியில் 'ஒரு கிடா'. லேபிளில் ஆட்டுக்கிடா ஏறிய கதை இதுதான் :-)

அடுத்து பாலானர் துறவிகள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில் சாப்பாடு குறைவு, ஆனால் பானம் குடித்தால் நோன்பு முறியாது. அதனால் இன்னும் கெட்டியாக ஒன்றைக் காய்ச்சினார்கள். திரவ ரொட்டி. அதன் வாரிசுதான் சால்வேட்டர், பொருள் 'மீட்பர்'. மற்ற ஆலைகளும் அதே பெயரில் விற்க, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைப் பதிவு செய்துவிட்டார்கள். உடனே மற்றவர்கள் செலிப்ரேட்டர், ஆப்டிமேட்டர் என்று வால் மட்டும் ஒட்டிக்கொண்டார்கள்.

சரி, மார்க். அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய பியர் நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் நிற்கும் கனம் 5, ஒட்டுமொத்தம் 10. போதைக்கென்று தனியாக மார்க் கிடையாது!

அப்பா தூங்கியதும் இறக்கினேன். 7.9 சதவீத சால்வேட்டர்: செம்பு நிறம், ரொட்டியின் முறுகல், முடிவில் சாராயச் சூடு கொஞ்சம் தூக்கல். 38. லேபிளில் இரண்டு கிடா நிற்கும் செலிப்ரேட்டர் 6.7 சதவீதம்தான். ஆனால் கறுப்பு, உலர்திராட்சை, கடைசியில் காப்பிக் கசப்பு. சுவைக்கு 18 போட்டுவிட்டு மணத்தில் மாட்டிக்கொண்டேன். ரொம்பத் தெரிந்த வாசனை, பெயர்தான் வரவில்லை.

"இன்னும் தூங்கலையா?"

தண்ணீர் குடிக்க எழுந்து வந்திருந்தார். மறைக்க நேரமில்லை. கிளாஸை எடுத்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏலே, கருப்பட்டி காச்சுத மாதிரில்லா மணக்கு?"

வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மணத்துக்கு 11 போட்டேன்.