செங்கல்பட்டிலிருந்து ஒரகடம் வரை: குற்றவியல் படிப்பின் களப்பணி வரலாறு

தமிழ்நாட்டில் குற்றவியல், உளவியலின் மடியில் வளர்ந்த படிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி.டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை தொடங்கியது. 1960களில் அத்துறைக்குள் குற்றவியல் பட்டயப் படிப்பாக நுழைந்து, 1980களில் தனித் துறையாகப் பிரிந்தது. சிறை, சிறார் இல்லம், நீதிமன்றம், தடய அறிவியல் கூடம் ஆகிய இடங்களுக்கு மாணவர் சென்று பயிலும் களப்பணி இந்தப் படிப்பின் உயிர்நாடி. அந்தக் களங்களின் வரலாறு படிப்பின் வரலாற்றைவிட மூத்தது. அதன் முக்கியமான அடையாளங்கள் சில, இன்று தொழிற்சாலைகள் நிறைந்திருக்கும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருக்கின்றன.

படிப்புக்கு முந்தைய களங்கள்

குற்றத்தை அறிவியல் முறையில் ஆராயும் வேலை சென்னையில் ஒரு வேதியியல் கூடத்தில் தொடங்கியது. நஞ்சூட்டிக் கொல்லும் வழக்குகளில் உடற்கூறுகளைச் சோதிப்பதற்காக 1849இல் சென்னை மாகாண அரசு வேதியியல் ஆய்வாளர் கூடத்தை அமைத்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் கூடங்கள் இதற்குப் பின்னர் வந்தவை.

குற்றம் செய்தவரை ஆராயும் வேலைக்கு இன்னொரு வகைக் களம் வேண்டியிருந்தது. சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காமல் தனியே வைத்துத் தொழில் கற்பிக்க 1876இலும் 1897இலும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் வந்தன. அந்த வழியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் செங்கல்பட்டில் ஒரு சீர்திருத்தப் பள்ளி நிறுவப்பட்டது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் செங்கல்பட்டை அடைந்துவிடலாம். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களுக்கான அரசினர் சிறப்பு இல்லம் இன்றும் அங்கே இயங்குகிறது.

ஆனால் அதே காலத்தில் அரசின் இன்னொரு கை எதிர்த்திசையில் வேலை செய்தது. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 1876இல் வெளியிட்ட நூலில், குற்றவாளி பிறப்பிலேயே வேறுபட்டவன் என்று வாதிட்டார். அதற்கு ஐந்தாண்டு முன்பே இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. ஒரு சாதியில் பிறந்ததையே குற்றத்துக்குச் சான்றாகக் கொண்ட அந்தச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மக்கள் வழக்கில் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்றே பெயர். கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் குற்றவியல் பயிலும் எவரும் கடக்க முடியாத பாடம் இது. மனிதரை நேரில் அறியாமல் ஏட்டில் வகைப்படுத்திய நிர்வாகம் எவ்வளவு பெரிய அநீதியில் போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு நடந்த 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் இந்தியாவின் முதல் சிறுவர் சட்டத்தையும் இயற்றியது. 1926இல் இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டமும், 1936இல் நன்னடத்தைச் சட்டமும் தொடர்ந்தன. நன்னடத்தை அலுவலர் என்ற பதவி இவ்வாறு உருவானது. அவர் குற்றம் சாட்டப்பட்டவரின் வீடு, தொழில், உறவு, பழக்கம் ஆகியவற்றை விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். பின்னாளில் மாணவர்கள் களப்பணியில் கற்றுக்கொண்ட வேலையின் முன்மாதிரி அந்த அறிக்கைதான்.

பல்கலைக்கழகத்துக்குள் வந்த பாடம்

விடுதலைக்குப் பிறகு இந்த அனுபவங்கள் பாடங்களாயின. பம்பாயில் 1936இல் தொடங்கிய டாட்டா சமூகப்பணிக் கல்லூரி 1950களில் குற்றவியலுக்கு இடம் கொடுத்தது. சாகர் பல்கலைக்கழகம் 1959இல் குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்கும் ஒரு துறையைத் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் நிறுவிய சமூகப்பணிக் கல்லூரி, களப்பணியைப் படிப்பின் பிரிக்க முடியாத பகுதியாக்கியது. மாணவர் ஓர் அமைப்போடு இணைந்து வேலை செய்வார், அன்றன்றைய குறிப்பை எழுதுவார், மேற்பார்வையாளர் அதைப் படித்துத் திருத்துவார். தமிழ்நாட்டுக் குற்றவியல் படிப்பின் களப்பயிற்சியும் இதே வழியில் வந்ததுதான்.

சென்னைப் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டி.இ. சண்முகம் நெறிபிறழ்ந்த சிறுவர்களின் உளவியல், சமூகப் பின்னணியை ஆராய்ந்தார். பிறப்பே குற்றம் என்ற பழைய கருத்துக்கு இத்தகைய ஆய்வுகளில் இடமில்லை. குடும்பம், வறுமை, தோழமை, பள்ளி ஆகியவை ஆய்வின் பொருளாயின. 1970இல் இந்தியக் குற்றவியல் சங்கம் சென்னையை மையமாகக் கொண்டு உருவானது. சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனம் 1979இல் வேலூரில் தொடங்கியது.

அடுத்த திருப்பம் கு. சொக்கலிங்கம் பேராசிரியராக இருந்த காலத்தில் நேர்ந்தது. அதுவரை துறையின் பார்வை பெரும்பாலும் குற்றம் செய்தவர் மீதே இருந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்ன ஆனார் என்ற கேள்வியைச் சென்னைத் துறை முன்னுக்குக் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றிய பிரகடனத்தை ஐ.நா. 1985இல் ஏற்ற பிறகு பாதிக்கப்பட்டோரை ஆராயும் இந்தப் பிரிவு வலுப்பெற்று, 1992இல் பாதிக்கப்பட்டோர் இயலுக்கென ஓர் இந்தியச் சங்கமும் அமைந்தது. சொக்கலிங்கம் பின்னர் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அங்கே குற்றவியல் துறையில் பணியாற்றிய க. ஜெய்சங்கர் 2007இல் இணையக் குற்றவியலுக்கான பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். சென்னையில் வேரூன்றிய படிப்பு தாமிரபரணிக் கரையிலிருந்து உலகத்தோடு பேசத் தொடங்கியது.

1991: ஸ்ரீபெரும்புதூர்

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன், சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் உடற்பகுதிகளையும் கொண்டு, இடையில் கட்டிய வெடிப்பட்டையோடு வந்த ஒரு பெண்ணே வெடிப்புக்குக் காரணம் என்று நிறுவினார். நிகழ்விடத்தில் இறந்த புகைப்படக்காரரின் கேமராவிலிருந்த படச்சுருள் புலனாய்வுக்கு வழிகாட்டியது. தடய அறிவியல் மாணவர்களுக்கு இந்த வழக்கு இன்றும் பாடம்.

உளவியல் மாணவர்களுக்கும் அதில் பாடம் உண்டு. வழக்கை விசாரித்த பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் நால்வருக்கு அதை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. வழக்கின் ஆதாரங்களில் காவலில் பெற்ற வாக்குமூலங்களுக்கு முக்கிய இடம் இருந்தது. மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த ஓய்வுபெற்ற அதிகாரி, தான் வாங்கித் தந்த பேட்டரி எதற்கானது என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகக் கூறினார். சொன்னது, கேட்டது, எழுதப்பட்டது ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் ஒருவரது உயிரையே தீர்மானிக்கலாம். பேரறிவாளன் 2022 மே மாதத்திலும், எஞ்சிய ஆறு பேர் அதே ஆண்டு நவம்பரிலும் விடுதலையானார்கள்.

இளைஞர் மேம்பாட்டுக்கான மத்திய அரசு நிறுவனம் 1993இல் ராஜீவ் காந்தியின் பெயரில் ஸ்ரீபெரும்புதூரில் நிறுவப்பட்டு, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. ஆலோசனை உளவியலில் முதுநிலைப் படிப்பை அது நடத்தியிருக்கிறது. வன்முறையால் உலகுக்குத் தெரியவந்த ஊரில் உளவியல் வகுப்பறை அமைந்தது தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் குறிக்கத்தக்க செய்தி.

தொழிற்பேட்டை என்னும் களம்

அந்த வகுப்பறையைச் சுற்றிக் கால் நூற்றாண்டில் நிலமே மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் திறந்து 2014இல் மூடியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் வந்தது. டைம்லரும் ராயல் என்ஃபீல்டும் பின்தொடர்ந்தன. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கிராமங்களுக்குத் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து, ஷிப்ட் முறையில் வாழத் தொடங்கினார்கள்.

இப்படிப்பட்ட இடமாற்றத்தைக் குற்றவியல் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. சிகாகோ நகரில் 1920களில் ஆய்வு செய்தவர்கள், குற்ற விகிதம் வந்து குடியேறும் மக்களோடு ஒட்டிக்கொள்ளாமல், அடிக்கடி ஆள் மாறும் வட்டாரத்தோடு தங்கிவிடுவதைக் கண்டார்கள். எட்வின் சதர்லாந்து 1939இல் உயர்பதவிக்காரர்கள் தொழிலின் போக்கில் செய்யும் குற்றங்களையும் ஆய்வுக்குள் கொண்டுவந்தார். ஒரகடத்துக்கு இரண்டும் பொருந்தும். பூட்டிய அறையில் செல்போன் திருடுபோவதும், காண்டிராக்டர் கூலியைப் பிடித்துவைப்பதும், பாதுகாப்புக் கவசமில்லாத இயந்திரத்தில் விரல் துண்டாவதும் குற்றவியல் மாணவரின் ஏட்டில் ஒருசேர இடம்பெற வேண்டியவை.

அதற்கான வாசல்களைச் சட்டமே திறந்துவைத்திருக்கிறது. 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பெண்கள் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாடு 2014இல் தனிச் சட்டம் இயற்றியது. கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயது நிரம்பிய சிறாரின் மனநிலையை மதிப்பிட உளவியலாளரின் உதவி பெற 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வழிசெய்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கு வர வேண்டும் என்று விதித்து, அதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தந்திருக்கிறது. இந்தப் பணிகளுக்கெல்லாம் குற்றத்தையும் மனத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் தேவை.

களப்பணிக்கு எல்லைகளும் உண்டு. சிறைக்குள் செல்லத் துறையின் அனுமதி வேண்டும். சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். குற்றவியல் பட்டம் பெற்றதால் மட்டும் ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு தேவை. ஒருவரின் சம்மதமின்றி உண்மை கண்டறியும் சோதனை நடத்தக் கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பயிற்சிக்கு வரும் மாணவர் முதலில் கற்க வேண்டியது இந்த வரம்புகளையே.

குற்றவியலின் தமிழ்நாட்டு வரலாறு காட்டும் உண்மை ஒன்றுண்டு. இந்தத் துறை மனிதரைத் தொலைவிலிருந்து எடைபோட்ட போதெல்லாம் தவறியது. அருகில் சென்று கேட்ட போதெல்லாம் திருந்தியது. ரேகைச் சட்டம் முதலாவதற்குச் சாட்சி. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் பாதிக்கப்பட்டோர் இயலும் இரண்டாவதற்குச் சாட்சி. செங்கல்பட்டு இல்லமும் பூந்தமல்லி நீதிமன்றமும் புழல் சிறையும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் மாணவர்களின் களமாக இருந்துவருவதைப் போல, ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பேட்டையும் அதன் விடுதிகளும் முறையான களப்பணி இடங்களாக வேண்டும். பல்கலைக்கழகங்களும் ஆலைகளும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து செய்ய வேண்டிய கடமை அது.